இலங்கையைக் குழந்தையோடு சுற்ற: வண்டி, வளைவு, வயிறு

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி. இந்தச் சின்ன அளவுதான் திட்டம் போடுபவர்களை ஏமாற்றுகிறது. கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்; ஏறக்குறைய சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம். ஆனால் வழியெல்லாம் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும். முன்னால் ஒரு லாரி முக்கிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் ஆகும். அதில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தால் நான்கு.

அதனால் கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். சமவெளிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர், மலையில் 25, அதிவேகச் சாலையில் 80 என்று வைத்துக்கொண்டால் அநேகமாகச் சரியாக வரும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் ஒரு நாளில் வண்டிக்குள் மூன்று மணி நேரம், அதிலும் ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து முதல் பத்து வயது என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். தங்கும் ஊர் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரவு. ஒரே இரவுத் தங்கல்களை அடுக்கினால் மூன்றாம் நாளே குழந்தை எதற்கெடுத்தாலும் அழத் தொடங்கும். அது பிடிவாதம் அல்ல, களைப்பு.

எந்த மாதம், எந்தப் பாதை

தீவுக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொழும்பு, காலி, மலைநாட்டின் மேற்குச் சரிவு நனையும், தென்மேற்குக் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் மழை. முழுச் சுற்றுக்கும் நல்ல காலம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை.

ஆனால் நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறது. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை ஊர் சுற்றி, இரண்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட்டால் பாதிப்பு இல்லை. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. அதை ஒட்டிய சில நாட்களில் உணவகங்கள் பூட்டியிருக்கும், ஓட்டுநர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், நுவரெலியாவில் அறை வாடகை எகிறும். அந்த வாரத்தைத் தவிருங்கள். மே மாதத்தில் போனால் தெற்குக் கடற்கரையை வெட்டிவிட்டு, சிகிரியாவிலிருந்து திருகோணமலைப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். சிகிரியாவுக்குப் பக்கத்து ஊரான ஹபரணையிலிருந்து இரண்டு மணி நேரப் பாதை. அந்த மாதங்களில் நிலாவெளிக் கடல் அமைதியாக, குழந்தை இறங்கி விளையாடும்படி இருக்கும். கோணேசர் கோயிலும் அங்கேயே.

மற்ற மாதங்களுக்கான சுற்று இது: நீர்கொழும்பு ஓர் இரவு, சிகிரியா இரண்டு, கண்டி இரண்டு, நுவரெலியா இரண்டு, எல்ல இரண்டு, திஸ்ஸமகாராமை இரண்டு, காலி இரண்டு. மொத்தம் 13 இரவுகள். பத்து நாள்தான் விடுப்பு என்றால் ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவைக் குறைக்காதீர்கள். எல்ல, திஸ்ஸமகாராமை, காலி மூன்றையும் விட்டுவிட்டு, நுவரெலியாவிலிருந்து நேராகக் கொழும்புக்கு இறங்கிவிடுங்கள்.

முதல் இரவுக்குக் கொழும்பைவிட நீர்கொழும்பு ஏன் என்றால், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான். இரவு விமானத்தில் வந்து இறங்கும் குழந்தை அரை மணி நேரத்தில் படுத்துவிடலாம்.

வண்டி

நீங்களே ஓட்டலாம், அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். ஆனால் நம் உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் மட்டும் போதாது, அங்கே உள்ளூர் அங்கீகாரம் பெற வேண்டும். குழந்தையோடு போகும்போது ஓட்டுநரோடு வாடகை வண்டி எடுப்பதே மேல். குழந்தை அழும்போது வளைவைப் பார்ப்பதா, பின்னால் திரும்பிப் பார்ப்பதா என்ற தடுமாற்றம் மலைச் சாலையில் ஆகாது.

நான்கு பேருக்கு மேல் என்றால் கேட்க வேண்டியது ‘கே.டி.எச்.’. டொயோட்டா ஹையேஸ் வேனுக்கு அங்கே அதுதான் பெயர். மூன்று பேர் குடும்பத்துக்குச் சாதாரண கார் போதும். மலையில் காரின் ஆட்டம் வேனைவிடக் குறைவு.

முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள், முடிந்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள்: பின் இருக்கைகளில் சீட் பெல்ட் இருக்கிறதா, அது தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டா, இடுப்பை மட்டும் பிடிப்பதா, பின்வரிசைக்கு ஏசி வருகிறதா, ஒரு நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், மேலே போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டுநரின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு, அதிவேகச் சாலைக் கட்டணம் யார் கணக்கு. பல வேன்களில் பின்வரிசைப் பெல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் சிக்கிக் கிடக்கும், அல்லது இருக்கை உறை அவற்றை மூடியிருக்கும். வண்டி வந்ததும் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இழுத்து மாட்டிப் பாருங்கள்.

குழந்தை இருக்கை அங்கே வாடகைக்கு அரிதாகத்தான் கிடைக்கும். வீட்டில் உள்ளதையே எடுத்துப் போங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றுகின்றன, பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். குறைந்தது இரண்டு வயது வரை பின்னோக்கிய இருக்கை. அதன் பிறகு சுமார் 18 கிலோ எடை வரை வார்ப்பட்டையோடு முன்னோக்கிய இருக்கை. அதற்கும் மேல், உயரம் 135 சென்டிமீட்டரைத் தாண்டும்வரை பூஸ்டர். வாடகை வண்டியில் கொக்கி மாட்டும் வசதி இருக்காது என்றே எண்ணி, பெல்ட்டால் கட்டக்கூடிய இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். கட்டிய பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தோள்பட்டையில் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு சிக்கக் கூடாது. பூஸ்டரை இடுப்புப் பெல்ட்டோடு மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மோதலில் மேலுடம்பு முன்னால் மடிந்து பெல்ட் வயிற்றில் இறங்கும்.

முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் மரியாதையாக இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, மாணிக்கக்கல் கடை, மூலிகைத் தோட்டம், பாத்திக் துணிக் கடை எதற்கும் போக வேண்டாம். அங்கே வண்டி நின்றால் அவருக்குத் தரகு உண்டு. வெளிப்படையாகப் பேசிக்கொண்டால் மனக்கசப்பு வராது. இரண்டு, வேகம். ‘ஹெமின் யன்ன’ என்றால் ‘மெதுவாகப் போங்கள்’. ‘நவத்தன்ன’ என்றால் ‘நிறுத்துங்கள்’. மலைநாட்டு ஊர்களில் தமிழ் தாராளமாகச் செல்லும் என்றாலும் இந்த இரண்டு சிங்களச் சொற்களையும் பெரியவர்கள் மட்டுமல்ல, குழந்தையும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்சூடு பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

நீர்கொழும்பிலிருந்து சிகிரியா, கண்டி

குருநாகல், தம்புள்ளை வழியாகச் சிகிரியா சுமார் 150 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சுற்றிலேயே நீளமான பகல்களில் இது ஒன்று. குழந்தை களைக்காமல் இருக்கும் முதல் நாளிலேயே முடிந்துவிடுவது நல்லது. மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையிலான அதிவேகச் சாலை 2022 ஜனவரியில் திறந்தது. ஓட்டுநர் அதில் ஏறட்டும். குருநாகலில் நீண்ட ஓய்வு, பகல் உணவு.

வண்டியில் குழந்தைக்கு வேலை வேண்டும். ஊர்ப் பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. கைபேசி வரைபடத்தில் நெகம்போ என்று வருவது பலகையில் நீர்கொழும்பு, Galle என்று பார்த்து ‘கால்’ என நாம் தப்பாக வாசிப்பது காலி. ஒரு நோட்டில் அடுத்த ஐந்து ஊர்களை எழுதிக் கொடுத்து, பலகை வந்ததும் அடிக்கச் சொல்லுங்கள். ‘எப்பப்பா வரும்’ என்ற கேள்விக்கு அந்த நோட்டே பதில்.

சிகிரியாக் குன்று ஏறக்குறைய 200 மீட்டர் உயரம், 1,200 படிகள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஏறிவிடுவார்கள். ஏற ஒன்றரை மணி, இறங்க முக்கால் மணி நேரம். காலை ஏழுக்குள் அடியில் இருங்கள், பத்து மணிக்குப் பாறை கொதிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பின்பக்கம் பிடிப்புள்ள செருப்பு. கைக்குழந்தையைத் தோளில் போடாமல் உடம்போடு கட்டும் பையில் சுமந்து செல்லுங்கள். பாறைச் சுவர் ஓவியங்களுக்குப் போகும் சுழல் இரும்புப் படியில் இரண்டு கையும் வேண்டும். சிங்கப் பாதத்துக்கு மேலே பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. அங்கே கத்தக் கூடாது, ஓடக் கூடாது என்று கீழேயே சொல்லி அழைத்துப் போங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு. கடவுச்சீட்டு அசலையே கொண்டுபோங்கள். குரங்கு பறிக்கும் என்பதால் தின்பண்டத்தைப் பைக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

பக்கத்துப் பிதுரங்கலைக் குன்று சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசிப் பகுதியில் பாறை இடுக்குகளில் கையூன்றித் தொற்றி ஏற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் மின்னேரியாக் குளக்கரையில் யானைக் கூட்டம் கூடும். குளம் வற்றும்போது விளிம்பில் முளைக்கும் புல்லுக்காக வருகின்றன. பிற்பகல் மூன்றுக்கு ஜீப் ஏறினால் ஆறுக்குள் திரும்பிவிடலாம்.

தம்புள்ளையிலிருந்து கண்டி 72 கிலோமீட்டர். நடுவில் மாத்தளை, சாலையோரத்திலேயே முத்துமாரியம்மன் கோயிலின் பெரிய கோபுரம் தெரியும். இறங்கிக் கால் நீட்ட நல்ல இடம். மதிய வேளையில் எந்தக் கோயில், விகாரைக்குப் போனாலும் பிள்ளைக்கு ஒரு ஜோடி பழைய காலுறை கையில் இருக்கட்டும். செருப்பைக் கழற்றியதும் கல்தரை சுடும். பௌத்த விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு. பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்துவிடுவார்கள், முன்பே சொல்லிவையுங்கள்.

கண்டியில் ஒரு முழுக் காலையைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். கிட்டத்தட்ட 60 ஹெக்டேர், வண்டிப் பயமில்லாமல் பிள்ளைகள் ஓடலாம். புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையில் பூசை நேரக் கூட்டத்தில் குழந்தை நசுங்கும்; பூசை முடிந்து அரை மணி கழித்துப் போங்கள். பூங்காவுக்கு அருகில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ உணவகம் இருக்கிறது. கிராமத்துப் பெண்கள் கண்ணெதிரே சுட்டுத் தருவார்கள், எல்லாம் சைவம், விலையும் குறைவு. காரமில்லாத அப்பம், பழச்சாறு, கஞ்சி என்று குழந்தைக்கு ஏற்றவை நிறைய.

வளைவுகள்: கண்டி முதல் நுவரெலியா வரை

மொத்தப் பயணமும் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த ஒரு பாதையில். கண்டி 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும்.

வாந்தி வருவதற்குக் காரணம் வயிறு அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது; முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையவே இல்லை’ என்கிறது. இரண்டும் முரண்பட, மூளை குமட்டலைத் தருகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை இது அதிகம். ஆகவே செய்ய வேண்டியது கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தி போகும்படி பார்த்துக்கொள்வது.

வேனின் கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் இருப்பதால் அதுதான் அதிகம் ஊசலாடும். அங்கே பெட்டிகளைப் போடுங்கள். குழந்தை ஓட்டுநருக்கு நேர் பின்வரிசையில், முன்கண்ணாடி வழியே தொலைவு தெரியும் இடத்தில் இருக்கட்டும். முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. கம்பளைக்கு மேல் கைபேசி, படப்புத்தகம், வண்ணம் தீட்டுதல் எல்லாம் உள்ளே போகட்டும். கதை கேட்கலாம், பாடலாம். கண்ணாடியில் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றி டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். ஏசியைக் குளிராக வைத்து, ஒரு சன்னலை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்துவிடுங்கள்.

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இடியப்பம், கொஞ்சம் பருப்பு. அல்லது உலர்ந்த ரொட்டியும் வாழைப்பழமும். பால், பாற்சோறு, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் வேண்டாம். வழியில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கொறிக்கக் கொடுக்கலாம்.

ஓட்டுநரின் கைப்பழக்கம்தான் மீதிப் பாதி. வளைவுக்குள் வேகமாக நுழைந்து பிரேக் அடித்து மறுபடி வேகம் எடுப்பவரிடம் பெரியவர்களுக்கே தலை சுற்றும். இந்த ஒரு பாதையில் நேரத்தை முழுவதும் அவருக்கு விட்டுக்கொடுத்து, ‘அவசரமே இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தங்கள்: கம்பளையில் பத்து நிமிடம், புசல்லாவையில் பத்து நிமிடம், றம்பொடையில் அரை மணி நேரம். றம்பொடையில் 109 மீட்டர் அருவி, அனுமன் கோயில், 225 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை மூன்றும் அடுத்தடுத்து. சுரங்கம் வரப்போகிறது என்று சொல்லியே முந்தைய இருபது நிமிடத்தை ஓட்டிவிடலாம். அதற்கு மேல் லபுக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகள். கழிப்பறை சுத்தமாக இருக்கும்.

கொட்டாவி, வெளிறிய முகம், நெற்றியில் வியர்வை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மௌனம். இதில் எது வந்தாலும் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி இறக்கி நடத்துங்கள். வளைவில் நிறுத்த விடாதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. ஜிப் பைகள் ஆறு, ஈரத்துண்டு, ஒரு மாற்றுடை, சின்ன டப்பாவில் சமையல் சோடா: நான்கும் கைக்கு எட்டும் பையில், டிக்கியில் அல்ல. சோடாவை ஈர இடத்தில் தூவிப் பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டினால் நாற்றம் போகும். நாற்றம் தங்கினால் அடுத்த வாந்திக்கு அதுவே காரணமாகிவிடும்.

மாத்திரை கொடுப்பதாக இருந்தால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எடைக்கு ஏற்ற அளவு எழுதி வாங்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழே புரோமெத்தசின் தரக் கூடாது. சில பிள்ளைகளுக்கு இந்த மருந்துகள் தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைத் தரும் என்பதால் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

உயரம் ஏறும்போது காது அடைக்கும். நான்கு வயதுக்கு மேல் மிட்டாய் சப்பலாம், கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டியோ. சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கண்டியில் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்; மேலே போகப் போக அது பலூன்போல உப்புவதைப் பார்த்துப் பிள்ளைக்கு உயரம் என்றால் என்னவென்று தானாகவே புரியும்.

நுவரெலியாவில் ஜனவரி இரவில் குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். பல விடுதிகளில் வெப்பமூட்டி இல்லை. சுடுநீரும் கூடுதல் கம்பளியும் உண்டா என்று கேட்டே அறை எடுங்கள். ஹோர்டன் சமவெளி நடை சுமார் ஒன்பது கிலோமீட்டர். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூட்டிப்போனால் கடைசி மூன்று கிலோமீட்டர் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

ரயில், இறக்கம், யானை

நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கு வண்டியில் வெலிமடை, பண்டாரவளை வழியாக இரண்டரை மணி நேரம். அதைவிட நல்ல வழி, பக்கத்திலுள்ள நானு ஓயா நிலையத்தில் குடும்பத்தை ரயில் ஏற்றிவிட்டு ஓட்டுநர் பெட்டிகளோடு எல்லவில் காத்திருப்பது. ரயிலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஆனால் வளைவுக் குமட்டல் கிடையாது. முன்பதிவு 30 நாள் முன்னால் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ரயிலின் கதவு திறந்தே ஓடும். படியில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்துப் பிள்ளையும் கேட்கும்; விடாதீர்கள், பாறையும் சுரங்கச் சுவரும் ஒரு முழ இடைவெளியில் உரசிப் போகும். கனமழைக் காலத்தில் இந்தப் பாதையிலும் மலைச் சாலைகளிலும் மண் சரியும். கிளம்பும் நாள் காலையில் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகும் நேரத்தை விடுதியில் கேட்டு, அதற்கு அரை மணி முன்னால் மேட்டிலிருந்து பாருங்கள். தண்டவாளத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் வேண்டாம்.

எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கம் செங்குத்தானது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணி ஆறவிட வேண்டும். ஓட்டுநர் இரண்டாம் கியரில் இறங்குகிறாரா என்று பாருங்கள். தானியங்கி கியர் வண்டியிலும் தாழ்ந்த கியருக்கு மாற்ற முடியும். இருட்டில் இந்தப் பாதை வேண்டாம், மழையிலும் வேண்டாம்.

வெல்லவாயவுக்குப் பின் இரண்டு வழி. தணமல்வில வழி திஸ்ஸமகாராமைக்கு நேரானது, நிதானமானது. கதிர்காமத்துக்குப் புத்தல வழியே போனால் காட்டு யானைகள் சாலையில் நின்று வண்டிகளை மறிக்கும். யாரோ சிலர் பழம் கொடுத்துப் பழக்கிவிட்ட வினை அது. பழவாசம் பட்டால் துதிக்கையைச் சன்னலுக்குள் விடும். காலை எட்டுக்கும் பிற்பகல் நான்குக்கும் இடையில் மட்டும் போங்கள், கண்ணாடிகளை ஏற்றுங்கள், பழங்களை மூடிய பெட்டியில் வையுங்கள். ஹாரன், பிளாஷ் இரண்டும் கூடாது. குழந்தையோடு என்றால் தணமல்வில வழியே சரி; கதிர்காமத்துக்குத் திஸ்ஸமகாராமையிலிருந்து அரை மணியில் போய்ச் சேரலாம். முருகனைக் கும்பிட்டுவிட்டு மாணிக்க கங்கையின் ஆழமில்லாத ஓரத்தில் பிள்ளையைக் கால் நனைக்கவிடுங்கள். ஆடி விழாக் காலத்தில் கூட்டம் நெரியும், கைக்குழந்தையோடு வேண்டாம்.

யால காட்டுக்கு அதிகாலை நான்கரைக்கு எழுந்து ஜீப்பில் நான்கு மணி நேரம் குலுங்க வேண்டும், சிறுத்தை தெரியும் என்பது உறுதியில்லை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் உடவளவைத் தேசியப் பூங்காவே பொருத்தம். அங்கே யானை கட்டாயம் தெரியும், இரண்டு மணி நேரம் போதும். யாலவின் முதல் பிரிவை வறட்சிக்காகச் செப்டம்பர் வாக்கில் மூடுவதும் வழக்கம்.

வயிறும் காய்ச்சலும்

அங்கத்திய சோறு கறியில் மிளகாய் நம்மைவிட ஒரு படி தூக்கல். பிள்ளைக்கு ‘சொதி’ கேளுங்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சள் நிறத்தில் காரமில்லாமல் வரும். இடியப்பம், அப்பம், பருப்புக் கறி, பாண் (நம் பிரெட்) இவை எங்கும் உண்டு. கொத்து ரொட்டியைக் காரம் குறைத்துப் போடச் சொன்னாலும் காரமாகத்தான் வரும். திஸ்ஸமகாராமைச் சாலையோரம் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள். மேலே கித்துள் பனைப் பாகான ‘கித்துள் பாணி’ ஊற்றிக் கொடுத்தால் சோறு மறுக்கும் பிள்ளையும் சாப்பிடும். மேல்தாள் கட்டுக் குலையாத, அன்று வந்த சட்டியாக வாங்குங்கள். தாகத்துக்குச் செவ்விளநீர், கண்ணெதிரே சீவியது. புட்டித் தண்ணீரில் இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை பார்க்கவும், பல் துலக்கவும் அதையே பயன்படுத்துங்கள். ஐஸ் வேண்டாம். டயப்பர், பால்மாவு எல்லாம் நகரங்களின் கார்கில்ஸ் ஃபுட் சிட்டியில் கிடைக்கும், ஆனால் பிள்ளைக்குப் பழகிய பால்மாவை ஊரிலிருந்தே முழு அளவும் கொண்டுபோங்கள்.

வயிற்றுப்போக்குக்கு அங்கே எந்த மருந்துக் கடையிலும் ‘ஜீவனி’ என்று கேட்டால் உப்புச் சர்க்கரைப் பொடி தருவார்கள். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் மருத்துவமனைதான்.

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. டெங்கு இருக்கிறது. அந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே கொசு மருந்தைக் காலையிலேயே தடவுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குப் பூச்சு மருந்து எதுவும் வேண்டாம், வலை போதும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். அளவு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கே பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. சிரப் புட்டிகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு செறிவு வரும். ‘எப்போதும் ஐந்து மில்லி கொடுப்போம்’ என்று புதுப் புட்டியிலிருந்து ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். ஊரிலிருந்தே பழகிய புட்டியையும் அளவு ஊசிக்குழலையும் எடுத்துப் போங்கள்.

நாயோ குரங்கோ கீறினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 1990, கட்டணம் இல்லை. காவல்துறைக்கு 119. மலையில் இணையம் விட்டு விட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கடலும் திரும்பும் வழியும்

திஸ்ஸமகாராமையிலிருந்து அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேகச் சாலை ஏறினால் காலி இரண்டரை மணி நேரத்துக்குள். இந்தச் சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஏறும் முன் பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள்.

தெற்குக் கடல் அழகு, ஆனால் பல இடங்களில் கரையிலிருந்தே உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கலங்கித் தெரிந்தால் அதுதான். அந்த இடத்தைத்தான் பலர் பத்திரம் என்று எண்ணி இறங்குகிறார்கள். மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேனையில் பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்து, கரையோரம் இடுப்பளவுக் குளம்போல நீர் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே இடம். பாறை கீறும், ரப்பர் செருப்போடு இறக்குங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். காலிக் கோட்டை மதில்மேல் மாலை நடை இனிமையானது. பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, பிள்ளையின் கையை விடாதீர்கள்.

காலியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு, கொழும்பு நகருக்குள் நுழையாமல், தெற்கு அதிவேகச் சாலை, வெளிவட்டச் சாலை, விமான நிலையச் சாலை என்று இணைத்துப் போனால் இரண்டரை மணி நேரம். விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் காலியை விட்டுக் கிளம்புங்கள்.

ஊர் திரும்பிய பின் இரண்டு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் மருத்துவரிடம் போய், இலங்கை போய் வந்த தேதிகளை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.